கண்டனின் மேடு

போரில் ஜெயித்துக் கொடுத்த கண்டனுக்கு அரசர் நிலம் கொடுத்தார். துண்டு துண்டாகக் கொடுத்தார். வடக்கே கொஞ்சம் செம்மண், தெற்கே கொஞ்சம் கரிசல், கடலோரம் கொஞ்சம் மணல். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் குதிரையில் போகவே பகல் முழுதும் ஆகும். சேர்ந்தாற்போல் நிலம் கிடைத்தால் வீரன் கோட்டை கட்டிவிடுவான் என்ற பயம் அரசருக்கு.

கண்டன் நிலம் பார்த்துத் திரும்பும்போதெல்லாம் ஒரு மூட்டை மண்ணைக் குதிரையில் ஏற்றிவந்து வாசலில் கொட்டினான்.

“இதெல்லாம் எதுக்குங்க?” என்றாள் மனைவி பூதி.

“நம்ம மண்ணுதானே. ஒரே எடத்துல கெடக்கட்டும்.”

அவன் தலை நரைத்தபோது மேடு பனை உயரம் நின்றது. அரண்மனை அதிகாரி வந்துவிட்டான்.

“என்ன கண்டரே, கோட்டையா? இதைக் கலைக்கச் சொல்லி உத்தரவு.”

“தாராளமாக் கலைங்க. ஆனா அரசர் எந்த மண்ணை எந்த ஊர்ல கொடுத்தாரோ, அந்தந்த ஊர்லயே கொண்டுபோய்ச் சேர்த்துடணும். ஒரு பிடி மாறக் கூடாது.”

அதிகாரி குனிந்து ஒரு பிடி அள்ளினான். உள்ளங்கையில் சிவப்பும் கறுப்பும் வெளுப்பும் ஒன்றாய்க் கலந்து கிடந்தன. எங்கே போடுவதென்று தெரியாமல் கையை மூடிக்கொண்டான்.