ஜாடிக்கு அடியில்

"கனகா வீட்டுல பிரிட்ஜ் ஸ்டிக்கரைக்கூட இன்னும் உரிக்கலையாம்ங்க. ஃபாரின் சாமான்னு வர்றவங்களுக்கெல்லாம் தெரியணுமாம். அல்பம்!"

அருணா சிரித்தாள். கணவன் உமாபதி சிரிக்கவில்லை.

"அவங்க பிரிட்ஜை விடு. நம்ம ஜாடிக்கு அடியில ஏதாவது எழுதியிருக்கா பாரு."

ஷோகேஸில் இருந்த நீலக் கண்ணாடிப் பூஜாடியைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

வளைகுடாவில், சத்வா பகுதியில் அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு ஸ்வீடன்கார நர்ஸ் இருந்தாள். ஊருக்குத் திரும்பும்போது, தன் தாயின் கல்யாணத்துக்கு வந்த ஜோடி ஜாடிகளில் ஒன்றை அருணாவுக்கும், மற்றதை எதிர் பிளாட் எலெக்ட்ரீஷியன் மனைவி கனகாவுக்கும் கொடுத்துவிட்டுப் போனாள்.

உமாபதி ஒரு டைல்ஸ் கம்பெனியில் தரப் பரிசோதனை மேனேஜர். கான்ட்ராக்ட் முடியப் போகிறது. நீட்டினால் விசா. இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எம்.டி. ஸ்வீடன்காரர். அவர் மனைவி காரினுக்குத் தன் நாட்டுப் பழைய கண்ணாடி என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாப்பிட வருகிறார்கள். ஜாடியைப் பரிசாகக் கொடுத்துக் காரியத்தை முடித்துக்கொள்வதாக ஏற்பாடு.

"மேடம் போன்ல என்னங்க சொன்னாங்க?"

"அடியில பேரு கீறியிருக்கும், இல்லேன்னா கம்பெனி ஸ்டிக்கர் இருக்கும். ரெண்டும் இல்லேன்னா எந்தப் பட்டறையில செஞ்சதுன்னு கண்டுபிடிக்கிறது கஷ்டமாம். கழுவிக் கழுவியே ஸ்டிக்கர் போயிடுமாம்."

"அய்யோ, நம்மளோடதும் அப்படித்தான் போயிருக்கும்!"

சொல்லி முடிக்கும்போதே அருணாவின் பார்வை எதிர் பிளாட் பக்கம் போனது.

அன்று மாலை, குடிவந்ததிலிருந்து முதல் தடவையாக, கனகா வீட்டுக் காலிங்பெல்லை அழுத்தினாள்.

"வழியா போனேன் கனகா. ஒரு டீ கிடைக்குமா?"

"அடடே, உள்ள வாங்கக்கா! இதோ, இஞ்சி தட்டிப் போட்டு எடுத்துட்டு வரேன்."

கனகா அடுப்படிக்குள் போனதும் அருணா டி.வி. பக்கத்தில் இருந்த நீல ஜாடியைக் கவிழ்த்தாள். இருந்தது! ஆங்கில எழுத்துகளின் தலையில் புள்ளி வைத்த ஸ்வீடன் மொழியில் வெள்ளி நிற ஸ்டிக்கர். நகத்தால் மெல்லக் கிளப்பி, போன் கவருக்குள் பத்திரப்படுத்தினாள்.

டீயையும் குடித்துவிட்டுத்தான் வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. பிரியாணி முடிந்தது. வேலைக்காரி நாகவள்ளி ஜாடியை எடுத்து வந்தாள். உமாபதியின் விசாவில் வந்தவள்.

"பார்த்து வை! கை தவறிச்சோ, ஊருக்கு டிக்கெட்தான்" என்று அருணா தமிழில் உறுமிவிட்டு, ஆங்கிலத்தில் சிரித்தாள்.

காரின் ஜாடியைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். விளிம்பில் விரலை ஓட்டினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கண்கள் விரிந்தன.

"நீலத்தைத் தெளிந்த கண்ணாடிக்குள் எப்படிப் பொதிந்திருக்கிறார்கள் பாருங்கள்! இதற்குப் பெயரே தேவையில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பட்டறை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஊதியது."

உமாபதிக்கு மூச்சு வந்தது. அருணாவுக்கு அது போதவில்லை.

"ஸ்டிக்கர்கூட இருக்கு மேடம்! அந்தக் காலத்துல ஒட்டினது. நாங்க தொடவே இல்லை."

காரின் கவிழ்த்துப் படித்தாள். கணவரிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"என்ன சார் எழுதியிருக்கு?"

"'பாத்திரம் கழுவும் மெஷினில் போடலாம்.' கீழே, இங்கே மாலில் இருக்கிற எங்கள் நாட்டுக் கடை ஒன்றின் பெயர்."

 

"உண்மையான ஜாடிக்கு எதற்குப் பொய் ஸ்டிக்கர்?" என்று காரின் வருத்தத்தோடு கேட்டாள். ஜாடியை மேஜைமேலேயே வைத்துவிட்டாள்.

எம்.டி. எழுந்தார்.

"மிஸ்டர் உமாபதி, நம் டைல்ஸ் பெட்டியில் 'முதல் தரம்' என்று ஸ்டிக்கர் ஒட்டுவது உங்கள் பிரிவுதானே?"

"ஆ... ஆமாம் சார்."

"கான்ட்ராக்ட் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் குடோனில் நாலு பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிடுகிறேன்."

உமாபதி நாற்காலியில் சரிந்தார். குடோனில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத்தானே தெரியும்!

லிஃப்ட் கீழே இறங்கியதும் அருணா வெடித்தாள்.

"எல்லாம் அந்த எலெக்ட்ரீஷியன் பொண்டாட்டியால வந்த வினை! நர்ஸம்மா கொடுத்த ஒரிஜினலை வித்துத் தின்னுட்டு, மால் ஜாடியை வாங்கி வச்சுக்கிட்டு ஷோ காட்டியிருக்கா! திருட்டுக் கழுதை!"

நாகவள்ளி குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நேராக எதிர் பிளாட் கதவைத் தட்டினாள். நடந்தது அத்தனையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

கனகாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "டீ குடிக்க வந்தது இதுக்குத்தானா!"

"சிரிக்காதீங்கக்கா. நீங்க வித்துத் தின்னுட்டீங்களாம். திருடியாம். கேட்டுக்கிட்டு நிக்க முடியலை. போய் உண்மையைச் சொல்லிடறேன்."

கனகா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"வாயை மூடு. அவங்க ஜாடியை நீ உடைச்சதும், அவங்க வர்றதுக்குள்ள நான் என்னோடதைக் கொண்டுபோய் அங்க வச்சதும் தெரிஞ்சா, நாளைக்கே உன்னை ஃப்ளைட் ஏத்திடுவாங்க. எனக்கு அப்புறமா மால்ல வாங்கினதே போதும். என் ஜாடி அங்கேயே இருக்கட்டும்டி. நீ இங்கேயே இருக்கலாம்."