புகை நிற மூடி

கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

தட்டினானா, இல்லையா?

இன்றைக்கும் தெரியவில்லை.

அவள் கேட்டைப் பிடித்தபடி நின்றாள். காலை வெயில் காரின் முதுகில் பட்டுத் தெறித்ததுதான் மிச்சம். பின்விளக்குகள் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புத் திட்டுகள்.

கல்யாணமான புதிதில் அவனாகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. வாசலில் நின்று கையாட்டினால் எதிர்வீட்டில் வேடிக்கை பார்ப்பார்கள். அதனால் முனையில் திரும்புவதற்கு முன் பிரேக்கை இரண்டு முறை தட்டுவான். சிவப்பு இரண்டு தரம் கண் சிமிட்டும். போயிட்டு வரேன் என்று அர்த்தம்.

அவளுக்கு மட்டும்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள். அதன்பிறகு சாயங்காலம்வரை அந்த வீட்டில் பேச ஆள் கிடையாது. சாயங்காலம் மட்டும் என்ன வாழ்ந்தது? வருவான். சாப்பிடுவான். போனைப் பார்ப்பான். தூங்கிவிடுவான்.

ஒரு நாள் காரைக் கொண்டுபோய்ப் பின்விளக்குகளுக்குப் புகை நிற மூடி மாட்டிக்கொண்டு வந்தான்.

"எப்படி? சும்மா கும்முனு இல்ல?"

அழகாகத்தான் இருந்தது. சாதுவான வண்டிக்கு ஒரு வில்லன் களை வந்திருந்தது. நல்லாயிருக்கு என்று சொல்லிவைத்தாள்.

மறுநாள் காலை முனையில் சிவப்பே தெரியவில்லை. அதற்கு மறுநாளும்.

முனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் சவரிமுத்துவிடம், துணி கொடுக்கிற சாக்கில் கேட்டுப் பார்த்தாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரர் வண்டி திரும்பறப்ப பின்னாடி லைட்டு எரியுதா?"

"யாருக்கும்மா தெரியும்? கண் ஆபரேஷன் பண்ணுன ஆளு கூலிங் கிளாஸ் மாட்டுன மாதிரில்ல போவுது! பின்னாடி வர்றவன் மோதிப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

அவனிடமே கேட்டுவிடலாம். கேட்டால் தட்டுவான். ஆனால் கேட்டு வாங்கினால் அது வெறும் பிரேக்.

மூடி வருவதற்கு முன்பே சில நாள் ஒரு தட்டோடு நிறுத்திக்கொண்டான் என்பதும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. திருப்பத்தில் எல்லோரும் போடுகிற பிரேக்.

ஒரு காலையில், கார் வாசலைத் தாண்டியதும் போனைத் தூக்கினாள். கேட்டுக்குப் பின்னாலிருந்து அவசரமாக ஒரு படம். கறுத்த விளக்குகள், நம்பர் பிளேட். போக்குவரத்து போலீசின் புகார் எண்ணுக்குத் தட்டிவிட்டாள். யோசித்தால் மனசு மாறிவிடும் என்று யோசிக்கவே இல்லை.

சொந்தப் புருஷனையே போட்டுக்கொடுத்துவிட்டோம் என்பது அதன்பிறகுதான் உறைத்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் ஷூவை உதறிவிட்டு உள்ளே வந்தான். முகம் கடுகடுவென்று இருந்தது.

"எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன் நம்ம கார போட்டோ புடிச்சு அனுப்பிட்டான், தமயா. லைட்ட மறைச்சு எதையும் மாட்டக்கூடாதாம். அபராதமும் கட்டி, அங்கயே கழட்டிட்டு வரேன். அந்த எஸ்.ஐ. வேற எனக்கு கிளாஸ் எடுக்கறான். 'பிரேக் லைட்டு உங்களுக்கா சார்? பின்னாடி இருக்கறவங்களுக்கு'ன்னு!"

அவள் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

அவன் போனை நீட்டினான். அபராதச் சீட்டோடு அந்தப் படமும் வந்திருந்தது. இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினான்.

அவள் குனிந்து பார்த்தாள்.

படத்தின் ஓரத்தில் ஒரு வயர் பை. கிளிப்பச்சையும் வெள்ளையுமாய்ப் பின்னியது. பால்காரர் பாக்கெட் போட்டுவிட்டுப் போக கேட்டில் தொங்குகிற பை. அவளே பின்னியது. அவசரத்தில் அதையும் சேர்த்து எடுத்திருக்கிறாள்.

மாட்டிக்கொண்டாள்.

ஏன் என்று கேட்பான். கேட்டால் சொல்லிவிட வேண்டியதுதான். இத்தனை நாளுக்குப் பிறகு அவன் அவளிடம் ஏன் என்று ஒன்று கேட்கப்போகிறான். பயத்துக்கு அடியில் என்னவோ துள்ளியது.

"ஏதோ வீட்டு கேட்டுக்கு உள்ள நின்னு எடுத்திருக்கான் பாரு," என்றான் அவன். "பச்சைப் பை ஒண்ணு தொங்குது. எவன் வீடுன்னு மட்டும் தெரியட்டும். நாக்கப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேக்கறேன்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

விளையாடவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

"கண்டுபிடிங்க," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வாக்கிங் என்று தெருவை ஒரு சுற்றுச் சுற்றினான். ஒவ்வொரு வீட்டு கேட்டாகப் பார்த்துக்கொண்டே போனான். உதட்டைப் பிதுக்கியபடி தன் வீட்டு கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே வந்தான்.

திங்கட்கிழமை காலை.

கேட்டைத் திறக்கும்போது பை ஆடி அவன் முழங்கையில் இடித்தது. கையால் ஒதுக்கினான். காரை வெளியே எடுத்தான். கிளம்பிவிட்டான்.

அவள் கேட்டைச் சாத்தினாள். உள்ளே போய்விடலாம் என்றுதான் இருந்தது. இனிமேல் பார்த்து என்ன ஆகப்போகிறது?

கால் நகரவில்லை.

மூடியில்லாத விளக்குகள், முகம் கழுவிவிட்ட மாதிரி. கார் எதிர்வீட்டைத் தாண்டியது. இஸ்திரி வண்டியை நெருங்கியது.

முனை.

சிவப்பு எரிந்தது.

ஒன்று.

அணையட்டும் என்று காத்திருந்தாள். அணைந்தால்தானே இரண்டாவது?

அணையவில்லை.

கார் வளைந்து போகவும் இல்லை. பின்னால் வந்த ஆட்டோ ஹாரன் அடித்தது. சவரிமுத்து இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு காருக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு திரும்பி, பச்சைப் பை தொங்கிய அவள் வீட்டு கேட்டைப் பார்த்தார். ஆட்டோ ஒதுங்கி, திட்டிக்கொண்டே முந்திப் போனது.

நடுத்தெருவில் சிவப்பு அப்படியே நின்றது.