பூட்டு விழுந்த பட்டறை

ஆஸ்பத்திரி கொடுத்த தாளில் 'அப்நார்மல்' என்று கண்டதும் நாத்தனார் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள்.

"அய்யய்யோ, என் தம்பிக்கு அப்நார்மல்னு அடிச்சுட்டானே, பாவி!"

தம்பி மனைவி அந்தத் தாளை வாங்கித் தானும் படித்தாள். கட்டியில் அசாதாரண மெத்திலேற்றம் உண்டு.

உண்டு.

முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பு வந்தால் அப்படித்தான் மூட வேண்டும். பார்க்கிறவர்கள் அழுகை என்று எடுத்துக்கொள்வார்கள்.

போன வாரமே டாக்டரம்மா விளக்கியிருந்தார். மூளையில் இருக்கும் கட்டியை மருந்து அடித்து நசுக்கும். ஆனால் கட்டிக்குள்ளேயே ஒரு மரபணு பட்டறை போட்டு உட்கார்ந்திருக்கும். நசுங்கியதையெல்லாம் உடனுக்குடன் ஒடுக்கெடுத்து நிமிர்த்திவிடும். சிலருக்கு மட்டும் அந்தப் பட்டறைக்குப் பூட்டு விழுந்திருக்கும். பூட்டின் பெயர்தான் மெத்திலேற்றம். பூட்டு இருந்தால் மருந்து கேட்கும். இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்கு மேல் சொல்வதற்கில்லை.

கோவில்பட்டியில் பாத்திரக்கடை வைத்திருப்பவளுக்கு இதற்கு மேல் பாடம் வேண்டாம்.

"பூட்டு இருந்தா எம்புட்டு நாளு, டாக்டர்?"

"ரெண்டு வருஷம் சொல்லலாம். சில பேர் தாண்டியும் இருக்காங்க."

"மூணுன்னு முடிச்சுக்குவோமே."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனைவியா என்றது அந்தப் பார்வை.

அவள் திருத்தவில்லை. வாங்க வந்தவர் தானாக ஒன்றை நல்லதென்று நினைத்துக்கொண்டால், நினைக்க விட்டுவிடுவதுதான் வியாபாரம்.

ஆறு மாதம் அவளுக்குப் போதாது.

இருபத்தாறு வருடம் கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தவள். வாயைத் திறந்தால், நாலு பேர் முன்னாலேயே புருஷன், "உனக்கென்ன தெரியும், சும்மா கிட" என்பார்.

கிடந்தாள்.

சொல்ல வந்தது ஒவ்வொன்றும் உள்ளே போய் அடங்கியது. பெரிய குண்டாவுக்குள் சின்னது, அதற்குள் அதைவிடச் சின்னது. செருகி வைத்தால் வெளியே ஒன்றுதான் தெரியும்.

இப்போது கட்டி அவர் பேச்சை வாரிக்கொண்டு போய்விட்டது. "ம்" கூட ஒழுங்காக வரவில்லை. டாக்டரம்மா, "கண்ணை மூடுங்க" என்றார். மூடினார். "சம்சாரம் எங்க?" என்றார். அவர் அவள் பக்கம் கையைக் காட்டினார்.

"பேச்சுதான் போச்சும்மா. நாம சொல்றது பூரா அவருக்கு விளங்குது."

அன்றைக்கே மஞ்சள் துணியில் குலசாமிக்குக் காசு முடிந்து வைத்தாள். அவர் ஆயுசுக்கு. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவ்வளவு மனதார அவள் எதையும் கேட்டதில்லை.

"மதினி, அழுதது போதும். பூட்டு விழுந்திருக்கு, மருந்து கேக்கும். நல்ல சேதிதான்."

நாத்தனாருக்குப் பாதி புரிந்தது. மூக்கைச் சிந்தினாள்.

"நீங்க போய் ஒரு காப்பி குடிச்சிட்டு வாங்க. நான் அவுககூட இருக்கேன்."

"அவன் முன்னால அழுதுறாதட்டீ."

"அழ மாட்டேன் மதினி. பேசிக்கிட்டிருப்பேன்."

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே மதுரை வெயில் கொதித்தது. நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

"மருந்து கேக்குமாம். பயப்படாதீக."

அவர் கண்ணோரம் நனைந்தது. விரல்கள் போர்வைமேல் நகர்ந்து அவள் கையைத் தேடின. கொடுத்தாள்.

அவர் மூச்சு நிதானப்படும்வரை காத்திருந்தாள். அவசரமில்லை.

"எங்கப்பா செத்த தகவல் கடைக்கு வந்தது காலையில பதினோரு மணிக்கு," என்று ஆரம்பித்தாள். "அன்னைக்கு முகூர்த்தக் கூட்டம். நீங்க எங்கிட்டச் சொன்னது கடையடைச்ச பெறகு."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் எழுந்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, கட்டிலைச் சுற்றி, ஜன்னல் பக்கம் போனாள்.