விளம்பரத்துப் பாப்பா

வந்தவளின் கையில் குழந்தை இல்லை. சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

குழந்தைகள் காப்பகத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு இடுப்பில் ஒன்றாவது இருக்கும், இல்லாவிட்டால் வயிற்றிலாவது இருக்கும். இவள் கைப்பையை மட்டும் அணைத்துக்கொண்டு, கூப்பிடுவதற்கு முன்பே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். கணவன் தெருவிலேயே பைக்கில் இருந்தான். இறங்கவில்லை.

காப்பகக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கட்டணம் எவ்வளவு என்று கேட்கவில்லை. கேமரா இருக்கிறதா, கழிப்பறை சுத்தமா, ஒன்றுமே கேட்கவில்லை.

கேட்டதெல்லாம் ஃபேஸ்புக் விளம்பரத்தில் இருக்கும் பாப்பாவைப் பற்றித்தான்.

காப்பகக்காரி கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஏனென்றால் அந்தப் பாப்பா இங்கே வருகிற பாப்பாவே இல்லை. எங்கள் குழந்தைகளின் முகத்தை நெட்டில் போடக் கூடாது என்று பெற்றோர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். முகத்துக்கு முகம் மஞ்சள் ஸ்மைலி ஒட்டிப் போட்டுப் பார்த்தாள். முகமூடிக் கொள்ளைக் கூட்டம் போல இருந்தது. ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

கடைசியில் தம்பிதான் எங்கிருந்தோ ஒரு படத்தை எடுத்துப் போட்டான். பிளாஸ்டிக் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு சின்னப் பெண். கீழே 'எங்கள் செல்லம்' என்று எழுதினான். அன்றைக்கே போன் அடிக்க ஆரம்பித்தது.

இருந்த வேலையை விட்டுவிட்டு ஆரம்பித்த இடம் இது. படம் பொய் என்று வெளியே தெரிந்தால், அப்புறம் எவள் நம்பிக் குழந்தையை விடுவாள்?

அடுத்த தெருவில் புதிதாகத் திறந்திருக்கும் காப்பகத்தின் ஆளாகத்தான் இவள் இருக்க வேண்டும். வேவு பார்த்துவிட்டுப் போய், கமென்டில் நாறடிக்கப் போகிறாள். யாரிடம் வேலையைக் காட்டுகிறாள்? காப்பகக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பாப்பா தினமும் வருகிறாளா என்று கேட்டாள் வந்தவள். ஒரு நாள் தவற மாட்டாள் என்றாள் காப்பகக்காரி. சாப்பிடப் படுத்துவாளா? முன்பெல்லாம் படுத்தினாள், இப்போது தானே அள்ளிச் சாப்பிடுகிறாள். விரல் சூப்புவாளா? அதெல்லாம் விட்டாச்சு. பொய் தங்கு தடையில்லாமல் வந்தது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"எப்ப விட்டா?"

போலீஸ்காரிகூட இப்படிக் குடைய மாட்டாள். போன மாதம் என்று அடித்துவிட்டாள். வந்தவள் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நம்பவில்லை போலிருக்கிறது.

பிறகு, பாப்பாவை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டாள்.

நல்லவேளை, உள் அறையின் கதவு சாத்தியிருந்தது. ஆயா அங்கே குழந்தைகளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். பாப்பாவும் இப்போதுதான் தூங்கினாள், எழுப்பினால் வீட்டை இரண்டாக்கிவிடுவாள் என்றாள் காப்பகக்காரி.

வந்தவள் சட்டென்று எழுந்தாள். கதவைத் திறந்துவிடப் போகிறாள் என்று காப்பகக்காரி குறுக்கே போய் நின்றுகொண்டாள்.

அவள் கதவுப் பக்கமே வரவில்லை. குலுங்காமல் இருக்க வளையல்களை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, கால் நுனியில் நடந்து வாசலுக்குப் போனாள். கைப்பையைக்கூட மறந்துவிட்டுப் போனாள். பைக்கின் அருகே நின்று கணவனின் காதில் ஏதோ சொன்னாள்.

பையை எடுக்க அவன்தான் வந்தான். காப்பகக்காரி விடுவதாக இல்லை. நீங்கள் யார், குழந்தையே இல்லாமல் இங்கே எதற்கு வந்தீர்கள் என்று நேராகவே கேட்டாள்.

அவன் தெருப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அந்த போட்டோ நான் எடுத்ததுங்க. அதுக்கப்புறம் பாப்பா ஒரு வாரந்தான் இருந்தா."

காப்பகக்காரிக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. படத்தை இப்போதே, இந்த நிமிஷமே எடுத்துவிடுகிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"வேணாங்க. இவ நாளைக்கும் வருவா. அப்பவும் பாப்பா தூங்குறான்னே சொல்லுங்க."