இருபதாவது நிமிஷக் கரண்ட் கட்

ட்ரெட்மில் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றுபோனது.

"மறுபடியுமா!" என்று கத்தினாள் பிரகதீஸ்வரி.

மூன்று நாளாக இதே கூத்து. அவள் ஓட ஆரம்பித்து, இருபது நிமிஷம் ஆகி, முகம் செக்கச்செவேலென்று ஆகிற நேரம் பார்த்துக் கரண்ட் போய்விடும். இன்வெர்ட்டர் தயவில் மின்விசிறி மட்டும் சுற்றும்.

ஒரத்தநாட்டில், ஒரு செல்போன் கடைக்கு மேலே இருக்கும் பெண்கள் ஜிம் அது. நடத்துகிறவள் தஹ்மீனா.

பிரகதீஸ்வரி வருவாய் ஆய்வாளர். கல்லூரி நாளில் எண்ணூறு மீட்டரில் பறந்தவள். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷமாக பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை.

போன வருஷம் அரசு ஊழியர் விளையாட்டுப் போட்டியைப் பார்க்கப் போனதுதான் வினை. திருப்பனந்தாள் பக்கம் அதே வேலையில் இருக்கும் செம்மொழி, ஓட்டத்தில் ஜெயித்த கோப்பையோடு வந்து, "என்ன மேடம், வேடிக்கை பார்க்க மட்டும்தான் வருவீங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

அந்தக் கேள்வி இன்னும் காதுக்குள்ளேயே இருக்கிறது. இந்த வருஷப் போட்டிக்குப் பத்தே நாள்தான் பாக்கி.

அதனால்தான் இந்த ஆவணிப் புழுக்கத்திலும், ஸ்கூட்டருக்கு வாங்கிய மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள். வேர்வை கொட்ட வேண்டும். ஓடுவதற்கு முன்னால் ஒரு எடை, ஓடி முடித்ததும் ஒரு எடை. நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

முதல் நாளே தஹ்மீனா சொல்லிப் பார்த்தாள். "மேடம், குறைஞ்சது கொழுப்பு இல்லை, வேர்வை. ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சா திரும்பி வந்துடும்."

"அதுக்குத்தானே குடிக்கலை!"

அன்றைக்கே ஜிம் போர்டுக்குக் கீழே நின்று, சொட்டச் சொட்ட நனைந்த முகத்தோடு ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டாள். 'ஒரே மணி நேரத்தில் எண்ணூறு கிராம் அவுட்!'

யார் பார்க்க வேண்டும் என்று போட்டாளோ, அந்தச் செம்மொழி ஐந்தாவது நிமிஷமே பார்த்துவிட்டாள். கட்டைவிரல் கூட உயர்த்தவில்லை. 'வயிறு எரியுதுடி அவளுக்கு' என்று பிரகதீஸ்வரிக்குக் குளுகுளுவென்று இருந்தது.

மறுநாளிலிருந்துதான் இந்தக் கரண்ட் கட்.

"எடை மெஷினும் கரண்ட்லதான் ஓடுது, மேடம். இன்னைக்குப் பார்க்க முடியாது போல" என்பாள் தஹ்மீனா. "அந்தக் கோட்டைக் கழட்டிட்டுக் காத்தாட உட்காருங்க. உப்புப் போட்ட மோர் இருக்கு."

எடை பார்க்க முடியாது என்றான பிறகு எதற்கு வீம்பு? பிரகதீஸ்வரி மடக் மடக்கென்று ரெண்டு டம்ளர் குடிப்பாள். முகத்துச் சிவப்பு வடியும். உடனே கரண்ட் வந்துவிடும்.

இன்றைக்குப் பொறுமை போய்விட்டது. நீட்டிய மோரைத் தள்ளிவிட்டு மின்வாரியத்துக்குப் போன் போட்டாள். பக்கத்துத் தெருவில் வேலையாக இருந்த லைன்மேன் அப்துல் வஹாப் ஓடிவந்தார்.

"மூணு நாளா இந்தத் தெருவுல கட்டே கிடையாதுங்க, மேடம். கீழே செல்போன் கடையில ஏசி ஓடுதே, பார்க்கலையா?"

சொல்லிக்கொண்டே சுவரில் இருந்த பெட்டியைத் திறந்தார். "இந்தா, யாரோ சுவிட்சைக் கீழே தள்ளியிருக்காங்க." அதைத் தூக்கிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

பிரகதீஸ்வரி திரும்பினாள். தஹ்மீனா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"நீதானா?"

"நான்தான், மேடம்."

"ஏன்?"

"நீங்களா நிறுத்த மாட்டேங்கறீங்க. தண்ணியும் குடிக்க மாட்டேங்கறீங்க. அதான் செம்மொழி மேடம்..."

"யாரு?"

"போர்டுல என் நம்பர் இருக்கில்ல, உங்க போட்டோவுல பார்த்துட்டுப் பேசினாங்க. இருபது நிமிஷத்துக்கு மேல உங்களை ஓட விடாதேன்னு அவங்கதான் சொன்னாங்க."

பிரகதீஸ்வரிக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. நெற்றிப் பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடி ஜெயிக்க வக்கில்லாம, என் பயிற்சியைக் கெடுக்க ஆள் வெச்சிருக்காளா? நீயும் அதுக்கு உடந்தையா? கூப்பிடு அவளை. உன் போன்லேர்ந்தே கூப்பிடு. நான் பக்கத்துல இருக்கேன்னு மூச்சு விடக் கூடாது. என்ன பேசறான்னு என் காதால கேட்கணும்!"

தஹ்மீனா ஸ்பீக்கரில் போட்டாள். ஒரே மணியில் எடுத்துவிட்டாள் செம்மொழி.

"சொல்லும்மா தஹ்மீனா. இன்னைக்கு மோர் குடிச்சாங்களா?"

"இல்லை, மேடம். தள்ளி விட்டுட்டாங்க."

"ஐயோ! இந்தப் புழுக்கத்துல அது ரொம்பத் தப்பும்மா. போன வருஷம் நானும் இப்படித்தான், இத்தனை வருஷம் கழிச்சு ஓடறோமேங்கற வெறியில வேர்வையை எடை போட்டுக்கிட்டே ஓடினேன். கோப்பையோட எடுத்த போட்டோ ஊருக்கே தெரியும். அன்னைக்குச் சாயங்காலமே சுருண்டு விழுந்து, மூணு நாள் குளுக்கோஸ் ஏத்தினது என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும்."

பிரகதீஸ்வரி மழைக்கோட்டின் ஜிப்பை மெல்லக் கீழே இறக்கினாள்.

"நானே நேரா சொல்லிடுவேன்" என்றது போன். "ஆனா நான் சொன்னா, 'இவ யாரு எனக்குச் சொல்ல'ன்னு இன்னும் பத்து நிமிஷம் கூட ஓடுவாங்க. அதனால சுவிட்சைப் போடாதே. கேட்கலைன்னா ஃபியூஸையே பிடுங்கு. ட்ராக்ல நிக்கிறவங்களைத்தான்மா நான் ஜெயிக்கணும். ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவங்களை இல்லை!"