பத்தும் நாலும்

"அங்குலத்துக்கு மேல ஒரு அளவு இந்த உலகத்துல கிடையாது. கடவுள் மனுஷனுக்குக் கட்டைவிரலைக் கொடுத்ததே அங்குலம் போடத்தான்" என்றார் ஓவர்சியர் தெட்சிணாமூர்த்தி. அவர் விளையாட்டுக்குப் பேசுகிறவர் அல்ல.

காரைக்கால் பக்கம், போலகம் வாய்க்காலில் பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. குழைத்த கான்கிரீட்டைத் தகரக் கூம்பில் அடைத்து, கம்பியால் குத்தி, கூம்பை மேலே உருவினார்கள். குவியல் எவ்வளவு உட்காருகிறதோ, அவ்வளவு தண்ணீர் என்று அர்த்தம். நாலு அங்குலம்வரை உட்கார அதற்கு அனுமதி உண்டு.

மேஸ்திரி இஞ்ஞாசி தன் அளவுக்குச்சியை வைத்துப் பார்த்தார்.

"பத்துங்கய்யா."

"பத்தா?"

"சென்டிமீட்டர்ங்க. உங்க கணக்குக்கு நாலு அங்குலம். தேறிடுச்சு."

"பிரெஞ்சுக்காரன் போய் நாலு வருசமாச்சு. அவன் குச்சியை இன்னும் கட்டிக்கிட்டு அழுவுறியா?"

"கை பழகிப்போச்சுங்க. அங்குலமும் கத்துக்குறேன்."

"அடிமைக் கைக்கு அங்குலம் வராதுய்யா. அவன் ஏறுன கப்பல்லயே நீயும் ஏறியிருக்கணும்."

தெட்சிணாமூர்த்தி குச்சியை முழங்காலில் வைத்து மடக்கென்று ஒடித்தார். துண்டுகளை மணல் மேட்டில் எறிந்தார். தேறிய கான்கிரீட்டை வீணாய் வாய்க்கால் தண்ணீரில் கொட்டச் சொன்னார்.

"நாளையிலேர்ந்து வராதே."

"வேற பொழப்பு தெரியாதுங்கய்யா. வூட்டுல அஞ்சு வயிறு..."

"அதையும் சென்டிமீட்டர்லயே அளந்துக்க."

சித்தாள்கள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அவர்களும் போக வேண்டியிருக்கும்.

மறுமாதம் பாண்டிச்சேரியிலிருந்து இஞ்சினியர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"தெட்சிணாமூர்த்தி, இனிமே தேசம் பூரா சென்டிமீட்டர்தான். டெல்லி உத்தரவு. இன்னிக்கிக் கான்கிரீட்டையே அதுல அளந்து வைங்க, சாயங்காலம் பார்ப்பேன். அங்குலம்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன்."

"அளவுகோல் இல்லீங்களே சார்..."

"காரைக்கால் ஆளுங்களுக்கு அதெல்லாம் அத்துப்படியாச்சே. உங்ககிட்ட அப்படி ஒருத்தர்கூடவா இல்ல?"

மணல் சுமந்துகொண்டிருந்த மாரிக்கண்ணு முந்திக்கொண்டாள். "இருந்தாருங்க. கப்பலேறிட்டாரு. நம்ம ஐயாதான் ஏறச் சொன்னாங்க."

இஞ்சினியருக்குப் புரியவில்லை. ஜீப் கிளம்பியது.

எல்லாரும் சோற்றுக்குப் போனதும், தெட்சிணாமூர்த்தி மணல் மேட்டைக் கையால் கிளறினார். அகப்பட்ட இரண்டு குச்சித் துண்டுகளையும் சணலால் இறுக்கிக் கட்டினார். உட்கார்ந்திருந்த குவியலின் பக்கத்தில் அதை நிறுத்தி, முட்டி போட்டுக் குனிந்து பார்த்தார்.

"பத்து" என்றார், யாருக்கும் கேட்காமல். "தேறிடுச்சு."