வித்ஹோல்ட்

ஆறாவது கேள்வியும் தப்பு.

விடைப் பக்கத்தை அவள் மறுபடி பார்த்தாள். ஏ என்று இருந்தது. அவள் போட்டிருந்தது சி.

நர்சுகளுக்கான ஆங்கிலப் பரீட்சை. பேசுவது, எழுதுவது, கேட்பது எல்லாம் தேறிவிட்டது. வாசிப்பு மட்டும் இரண்டு தடவை காலை வாரியது. சனிக்கிழமை மூன்றாவது தடவை. இதிலும் கோட்டைவிட்டால் அயர்லாந்து வேலை அவ்வளவுதான்.

கேள்வி ஒன்றும் பெரிதில்லை. ஏதோ ஓர் ஆஸ்பத்திரியின் சுற்றறிக்கை, நாலே வரி. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசியைப் பற்றியது. நோயாளி கீழே விழுந்துவிட்டால், டாக்டர் வந்து பார்க்கும்வரை ஊசியை 'வித்ஹோல்ட்' செய்யவும்.

வித் என்றால் கூட. ஹோல்ட் என்றால் பிடி.

கூடவே பிடித்துக்கொள். விடாமல் போடு. அதனால்தான் சி.

அகராதியைத் திறந்தாள்.

கொடுக்காமல் நிறுத்திவை.

கூறுகெட்டவளே என்று தன்னையே திட்டிக்கொண்டு சிரிக்கப் போனாள். சிரிப்பு பாதியில் நின்றது.

இந்த வார்த்தையை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். புத்தகத்தில் இல்லை. கேஸ் ஷீட்டில்.

அவள் வார்டில் டாக்டர்கள் 'ஸ்டாப்' என்றுதான் எழுதுவார்கள். போன ஐப்பசியில், லீவில் போனவருக்குப் பதிலாக வந்த ஒரு டாக்டர் மட்டும் 'வித்ஹோல்ட்' என்று எழுதியிருந்தார். அழகான சாய்வெழுத்து.

ஒன்பதாம் படுக்கை, இசக்கியம்மாள். இடுப்பெலும்பு முறிந்து ஒரு மாதமாகக் கிடந்தவர். அவருக்கும் இதே ஊசிதான். அன்று மத்தியானம் பாத்ரூமில் வழுக்கி விழுந்திருந்தார். காயம் ஒன்றுமில்லை என்றுதான் டியூட்டி மாறும்போது சொன்னார்கள்.

அவள் அந்த வார்த்தையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். வித். ஹோல்ட். நேரம் தவறாமல் ஊசியைப் போட்டாள். தொப்புளுக்குப் பக்கத்தில், வலிக்காமல். எப்போது வீட்டுக்கு விடுவீர்கள் என்று இசக்கியம்மாள் வழக்கம்போலக் கேட்டார். சீக்கிரம் என்று அவளும் வழக்கம்போலச் சொன்னாள்.

ஷீட்டில் டிக் அடித்தாள். பக்கத்தில் கையெழுத்தும் போட்டாள்.

அடுத்த இரண்டு நாள் அவளுக்கு லீவு. திரும்பி வந்தபோது ஒன்பதாம் படுக்கையில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். கூட வேலை பார்க்கும் ஜெபசெல்வியிடம் கேட்டாள். அந்த அம்மா போயிட்டாவக்கா என்றாள் ஜெபசெல்வி.

வீட்டுக்கு என்றுதான் நினைத்தாள். இந்த நிமிடம் வரை.

விழுந்த அடியில் உள்ளே ரத்தம் கசிந்திருந்தால், அந்த ஊசி அதை உறையவிட்டிருக்காது.

ஏதாவது ஆகியிருந்தால் யாராவது அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க மாட்டார்களா? கேட்கவில்லை. அப்படியானால் ஒன்றும் ஆகவில்லை.

அந்த ஷீட்டை யாராவது எடுத்துப் பார்த்தார்களா?

பார்க்காமலும் இருந்திருக்கலாம். ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் கிடந்த கிழவி. யார் தோண்டித் துருவப் போகிறார்கள்?

புத்தகத்தை மூடினாள். திறந்தாள். ஏழாவது கேள்வியை மூன்று முறை படித்தாள். ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை.

பேசாமல் விட்டுவிடலாம். சனிக்கிழமை எழுதிவிட்டு, தேறிவிட்டு, விமானம் ஏறிவிடலாம். அங்கே யாருக்கும் இசக்கியம்மாளைத் தெரியாது.

அந்த நினைப்பு இன்னும் பயமாக இருந்தது. அங்கேயும் கேஸ் ஷீட் இருக்கும். அவள்தான் படிக்க வேண்டும்.

போனை எடுத்தாள். இரண்டு முறை வைத்துவிட்டாள். மூன்றாம் முறை ஜெபசெல்வி எடுத்தாள்.

அந்த ஒன்பதாம் பெட் அம்மா போயிட்டாங்கன்னு சொன்னியே, வீட்டுக்குத்தானே என்று கேட்டாள்.



"என்னக்கா இப்பிடிக் கேக்கிய? நான் சொன்னதும் 'அப்பாடா, ஒருவழியா'ன்னு சிரிச்சியளே. ரொம்ப வேதனைப்பட்டவ, இனி வலி கெடையாதுன்னு சொல்லுதியன்னுல்லா நான் நெனச்சேன்."